பதினேழும் கொஞ்சமும்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. மாமனார் கொடுத்தது, சீர்வரிசைப் பட்டியலில் ஏறாத சீர். உள்ளே அவர் பட்டறைக் காலத்து ஸ்பேனர்கள், எல்லாம் அங்குலக் கணக்கு. நாடு மெட்ரிக் அளவுக்கு மாற 1956-லேயே சட்டம் போட்டாயிற்று. பெட்டிக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைக்குக்கு நானே ஆயில் மாற்றுவது என்று உட்கார்ந்தேன். எஞ்சினுக்கு அடியில் ஒரே ஒரு டிரெயின் போல்ட். கழற்று, வடி, மாட்டு, ஊற்று. இதற்குப் போய்க் கூலியா என்ற வயிற்றெரிச்சல்தான் காரணம்.

போல்ட்டின் தலை 17 மி.மீ. பெட்டியில் அதற்கு நெருங்கி வந்தது 11/16 அங்குல ஸ்பேனர், அதாவது 17.46 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இதைவிடப் பெரிய இடைவெளிகளையெல்லாம் பேசித் தீர்த்துத்தான் மாமனார் எனக்குப் பெண் கொடுத்தார்.

அது வாய் திறந்த ஸ்பேனர் வேறு. போல்ட்டுக்கு முகம் ஆறு. இது பிடிப்பது இரண்டை. ஆறுமுகத்தை இரண்டு முகத்தில் மட்டும் கும்பிட்டால் சாமி கோபிக்காதா? ஒரு அழுத்து அழுத்தினேன். ஸ்பேனர் வழுக்கி, என் விரல் முட்டி சைலன்சரில் போய் மோதியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி முட்டி. நாலாவது தடவையில் ஆறு மூலையும் மழுங்கி, போல்ட் எலந்தைப் பழம் மாதிரி ஆகிவிட்டது.

எதிர்வீட்டு சார் பேப்பரும் கையுமாக வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, முறுக்கிட்டுல்ல இருக்கீங்க?" என்றார்.

போல்ட் தரையைப் பார்த்து இருக்கிறது. நானோ மேலிருந்து எட்டிப் பார்க்கிறேன். கீழே படுத்துப் பார்ப்பவனுக்கு எது இடப்பக்கச் சுற்றோ, மேலிருந்து பார்ப்பவனுக்கு அது வலப்பக்கச் சுற்று. முக்கால் மணி நேரமாக, நல்லபடியாக இருந்த போல்ட்டை நான் மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மரை போயிடுச்சா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல்.

"மரை நல்லாத்தான் இருக்கு. தலைதான் போச்சு."

"போல்ட்டைக் கேக்கல" என்றாள்.

இதில் ஒரே நிம்மதி, சொட்டு ஆயில்கூட வெளியே வரவில்லை. அதனால் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. கம்பீரமாக ஓட்டிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போனேன்.

பையன் குனிந்து பார்த்தான். "எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்கண்ணே, சூடு ஏறட்டும்." எஞ்சின் கூடு அலுமினியம், போல்ட் இரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பிறகு எஞ்சினை நிறுத்தி, போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. அடுத்து 17-ஐ எடுப்பான் என்று பார்த்தால் 16-ஐ எடுத்தான், ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர். மழுங்கிய தலையில் அதைச் சுத்தியலால் அடித்தே ஏற்றினான். நான் அரை மில்லி பெரிதாகப் போனேன். அவன் ஒரு மில்லி சிறிதாகப் போனான். 'டக்' என்று ஒரு சத்தம். ஆயில் கொட்டியது.

புது போல்ட், புது வாஷர் போட்டான். அளவாக இறுக்கினான், இதற்குமேல் போனால் அலுமினியத்தில் மரை போய்விடும், அப்புறம் லேத்துக்குத்தான் போகணும் என்றான். பழைய போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாருண்ணே இதுல கை வச்சது?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெக்கானிக்."

"அவன்கிட்ட இனிமே போகாதீங்கண்ணே. ஸ்பேனர் பிடிக்கவே தெரியாதவன்."

தலையாட்டினேன். பணம் கொடுக்க வேண்டும்; ஆனால் கிரீஸும் ரத்தமுமாக இருந்த கையைச் சட்டைப் பையிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்றுதான் தெரியவில்லை.