கத்தியும் கரண்டியும் பாடத்திட்டமும்

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சமையல் சொல்லித்தர வேண்டும் என்கிறார்களே, கத்தியும் நெருப்பும் என்ன விளையாட்டுச் சாமானா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இல்லைதான் அம்மா. அதனால்தான் சொல்லித்தர வேண்டும். ஜப்பானில் ஐந்தாம் வகுப்பிலேயே ஆணும் பெண்ணும் சேர்ந்து சோறாக்கக் கற்கிறார்கள். நம் பிள்ளை சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேனின் வாய்பாட்டைத் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆனால் கேஸ் வாடை வந்தால் நேரே லைட் சுவிட்சுக்குத்தான் போவான். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். சுவிட்சின் சிறு பொறி போதும். விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு போன் செய்ய வேண்டும்.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றும் மாவீரர்களும் உண்டு. அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள், போதும். சுட்ட விரலை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை பல்லுக்கு!

முதல் நாளே பிரியாணி வேண்டாம். விரல் நுனியை உள்ளே மடித்து வெள்ளரிக்காய் நறுக்கட்டும். (மொக்கைக் கத்தி கொடுத்துவிடாதீர்கள், அழுத்தும்போது வழுக்குவது அதுதான்.) பிறகு எலுமிச்சை சாதம். பாத்திரத்தையும் அவர்களே கழுவட்டும். வகுப்பில் இடமிருந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்துவிடுங்கள், சீருடை நான் வாங்கித் தருகிறேன்.