பழைய வாசலை எப்போது அடைப்பது?

கேள்வி: மரக்காணம் உப்பளக்காரர்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். நான் நம்பியிருந்த ஃபிரேம்வொர்க் இன்னொன்றோடு இணைகிறதாம். என் நிரல் உடையாமல் இருக்க வழி உண்டா?
– வாசகி ஒருவர், பெருமுக்கல்

பதில்: நிச்சயதார்த்தம் முடிந்த அன்றே யாரும் பழைய வீட்டைக் காலி செய்வதில்லை! ரூபி நிரல்மொழி உலகில் மெர்ப், ரெயில்ஸ் என்ற இரு ஃபிரேம்வொர்க்குகளும் இணையப்போவதாக அறிவித்தது 2008 டிசம்பரில். இணைந்த ரெயில்ஸ் 3 வந்தது 2010 ஆகஸ்டில். அப்போதும் பழைய ரூட்டிங் முறை 3.0இல் எச்சரிக்கையோடு ஓடியது, 3.1இல்தான் போனது. அந்த எச்சரிக்கை வரிகளை மதித்துப் படித்தவர்கள் பிழைத்தார்கள்.

நம் ஊர் உதாரணம் இன்னும் அழகு. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. எஸ்ஒய்என்பி என்று தொடங்கும் சிண்டிகேட் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 ஜூன் 30 வரை செல்லுபடியாயின. பதினைந்து மாத அவகாசம்! புதுக் குறியீட்டுக்கும் எளிய விதி: எழுத்துகளை சிஎன்ஆர்பி ஆக்கு, எண்ணோடு 10000 கூட்டு. கணினியே செய்துவிடும். மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: இப்போதைய பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். ஃபிரேம்வொர்க்கை அழைக்கும் வரிகளை ஒரே கோப்புக்குள் கொண்டுவாருங்கள். சோதனை நிரல்கள் இல்லையென்றால், முதலில் அவை. பிறகு பழைய வரிசையின் கடைசிப் பதிப்புக்குப் போய், எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டு, இணைந்த புதிய பதிப்புக்குத் தாண்டுங்கள்.

தாண்டுவதை வடகிழக்குப் பருவமழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு விளையாத மாதங்களில் உங்களை அவசரப்படுத்த ஆள் குறைவு.