ஹெட் கிளீனிங் என்னும் கஷாயம்

வீட்டு போட்டோ பிரிண்டரில் படம் கோணலாக வந்தால் நம் ஜனங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ஹெட் கிளீனிங். மாப்பிள்ளையின் முகம் குங்குமமாகச் சிவந்தாலும் அதுதான், கோடு கோடாக விழுந்தாலும் அதுதான், பகலில் எடுத்த படம் நடுராத்திரி போல வந்தாலும் அதுதான். வயிற்றுவலிக்கும் கால்சுளுக்குக்கும் ஒரே கஷாயம். அது வேலை செய்யவில்லையென்றால் இன்னொரு டம்ளர். கஷாயத்துக்காவது சுக்கு, மிளகோடு செலவு முடியும். இதற்குப் போவது கார்ட்ரிட்ஜ் மை. கிளீனிங் என்று பவ்யமாகப் பெயர் வைத்திருந்தாலும், உள்ளே நடப்பது ஒரு பம்ப் மையை உறிஞ்சி, பிரிண்டரின் அடிவயிற்றில் இருக்கும் பஞ்சில் கொட்டுவதுதான். காசு கொடுத்து வாங்கிய மை ஒரு படத்தையும் பார்க்காமல் சமாதியாகிறது. பஞ்சு நிரம்பியதாகத் தன் கணக்கில் பட்டுவிட்டால், பல மாடல்கள் அச்சடிக்கவே மறுத்துவிடும்.

கிளீனிங் தீர்க்கும் நோய் ஒன்றுதான்: அடைப்பு. போட்டோ பிரிண்டரின் ஹெட் துப்பும் துளி சில பிக்கோலிட்டர். ஒரு பிக்கோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன துளி வரும் துவாரம் மயிரிழையைவிட மெல்லியது. மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அடைப்பு இருக்கிறதா என்று கேட்க பிரிண்டரிலேயே வழி இருக்கிறது. நாசில் செக் என்ற சோதனைத்தாளை அடித்தால் ஒவ்வொரு நிறத்திலும் படிக்கட்டு மாதிரி மெல்லிய கோடுகள் வரும். எந்தப் படி விடுபட்டிருக்கிறதோ அந்தத் துவாரம் அடைபட்டிருக்கிறது. செலவாகும் மை சொற்பம். மஞ்சள் மட்டும் கொஞ்சம் படுத்தும். வெள்ளைத் தாளில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலவே தெரியும். நீல வெளிச்சத்தில் பிடித்தால் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

படிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் படம் கெட்டிருந்தால், ஹெட் நிரபராதி. குற்றவாளி பெரும்பாலும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். தட்டில் கிளாஸி பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டிருப்பார். அல்லது தாளைக் குப்புற வைத்திருப்பார், மை முத்து முத்தாக நின்று, தொட்டால் விரலில் ஒட்டும். நிறத்தைத் திருத்தும் பொறுப்பைப் படம் பார்க்கும் மென்பொருளுக்கும் பிரிண்டர் டிரைவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்திருப்பார். இருவரும் ஆளுக்கொரு முறை திருத்த, முகம் சிவக்கும். படம் இருண்டிருப்பதற்குக் காரணம், கண் கூசும் அளவுக்கு ஏற்றிவைத்த மானிட்டர் வெளிச்சமாக இருக்கலாம். 4×6 அங்குலப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் தெளிவாக வர 1200×1800 பிக்ஸல் வேண்டும். பத்து குரூப் சுற்றி, ஸ்க்ரீன்ஷாட்டாகி, நறுக்கப்பட்டு வந்த தாத்தா படத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. இதில் எதையும் பஞ்சில் மை ஊற்றித் தீர்க்க முடியாது.

'கிளீனிங் போட்டதும் சரியாகிவிட்டதே' என்பார்கள். அடைப்பாக இருந்தால் சரியாகும்தான். ஆனால் இரண்டு முறை போட்டும் அதே படி விடுபட்டிருந்தால் மூன்றாவது டம்ளர் வீண். அணைத்துவிட்டுச் சில மணி நேரம் சும்மா விடச் சொல்லித் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே இருக்கிறது. உள்ளே புகுந்த காற்றுக்குமிழி அடங்கவும், காய்ந்த மை ஊறவும் அது போதும். சும்மா இருப்பதை ஒரு சிகிச்சையாக ஏற்பதுதான் நமக்குக் கஷ்டம்.

'எங்கள் ஊர் வெயிலில் அடைப்புதானே அதிகம்?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் வெயிலுக்குத் துணை நிற்பது சுவரில் இருக்கும் சுவிட்ச். பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய்ப் பத்திரமாக உட்காரும். மின்சாரம் மிச்சம் என்று வேலை முடியுமுன் பிளக்கில் அணைத்தால், அது வழியிலேயே வாய் திறந்தபடி நின்று காயும். மிச்சமான பைசா, கார்ட்ரிட்ஜ் விலையாகத் திரும்பி வரும்.

'இவ்வளவு பாடுபடுவதற்குத் தெருமுனை ஸ்டூடியோ போதாதா?' ஆண்டுக்கு இரண்டு முறை பாஸ்போர்ட் போட்டோவுக்காக மட்டும் பிரிண்டரை எழுப்புகிறவருக்கு நிச்சயம் போதும். அவருக்கு ஸ்டூடியோதான் லாபம். மற்றவர்கள் வாரம் ஒரு முறை எல்லா நிறமும் கலந்த ஏதாவது ஒன்றை அச்சடித்துவிடலாம். கொலு படமோ, சீட்டுக் கம்பெனி காலண்டரின் நகலோ, எதுவானாலும் பிரிண்டர் ரசனை பார்ப்பதில்லை.