லோங்காங் ஓரத்து வசந்தம்

மலேசியாவில் வசந்தகாலம் பேரங்காடிக்குள் மட்டும்தான் வரும். சீனப் புத்தாண்டு நெருங்கினால் பிளாஸ்டிக் செர்ரி மரங்களைத் தூக்கிவந்து மின்படிக்கட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பண்டிகை முடிந்ததும் ஒரு பூகூட உதிராமல் அவை கிடங்குக்குத் திரும்பிவிடும்.

வெளியே எங்கள் மலாக்காவில் கதை வேறு. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும். பால்மரங்கள் இலையைக் கொட்டும். இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டு வணிகத் தோட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டாரே, அன்று முதல் மலாக்காத் தோட்டத் தமிழனுக்கு இளவேனில் என்பது கடைக்காரர் கடன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்கிற காலம். பூவைப் பற்றி அப்போது யார் பேசினாலும் அடிதான் விழுந்திருக்கும்.

இப்போது நாமெல்லாம் தாமான் வீடமைப்புகளில் குடியிருக்கிறோம். அதனால் பூவைப் பார்க்கிறோம். அதாவது, சாலையோரத்து டெக்கோமாவைப் பார்க்கிறோம். நாலு வாரம் வெயிலடித்து ஒரு மழை பெய்தால் அது இலையை மறந்துவிட்டு மரம் முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்துவிடும். உடனே காரை நடுவழியில் நிறுத்தி, குடும்பத்தை இறக்கி, "மலேசியா சக்குரா" என்று படம் பிடிப்பார்கள். அது எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரம். எல் சால்வடோர் மரத்தை ஜப்பான் பெயரால் அழைத்து, மலேசியாவில் படமெடுத்து, தமிழில் கவிதை எழுதிப் போடுகிறோம். இந்த ஒற்றுமை ஐ.நா. சபையில்கூடக் கிடையாது.

அந்தக் காருக்குப் பக்கத்திலேயே, லோங்காங் என்னும் வடிகால் ஓரத்தில், இடுப்பளவு உயரத்தில் ஊதாப் பூவோடு ஒரு புதர் நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதுதான் செண்டுடுக். ஆண்டு முழுக்கப் பூத்தாலும், மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் கூட்டம் கிளம்பும் நாட்களில் காய்ந்த புல்லுக்கு நடுவில் அதன் ஊதா தனியாகத் தெரியும். எனக்கு அதுதான் வசந்தம். அதைப் பார்க்கத்தான் காலையில் புக்கிட் பெருவாங் குன்றில் ஏறுகிறேன்.

இதில் தொல்லை என்னவென்றால், உடற்பயிற்சிக்காக மேலே ஏறுகிற ஊரில் ஒருவன் பாதி வழியில் குனிந்து நின்றால் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

"என்னா அண்ணே, எதாச்சும் விழுந்துருச்சா?" என்றார் வேகநடையில் வந்த ஓர் அம்மா.

"இல்லம்மா, பூ பாக்குறேன்."

"சாமிக்கா?"

"இல்ல, சும்மாதான்."

அவர் அடி எடுத்துவைத்த வேகம் கூடிவிட்டது. சாமிக்கு என்று சொல்லியிருந்தால் அவரே ஒரு கொத்துப் பறித்துக் கொடுத்திருப்பார். சும்மா பூ பார்க்கிற ஆண்பிள்ளையை நம்ப எங்கள் வட்டாரம் தயாராக இல்லை.

அடுத்து மல்டிமீடியா பல்கலைக்கழகப் பக்கமிருந்து இரண்டு பையன்கள் மோட்டாரில் வந்தார்கள். படிக்கிற பிள்ளைகள், விவரம் தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அங்கிள், நம்பர் தெரியுதா?"

நாலு நம்பர் லாட்டரி ஆடுகிற நாட்டில் மரத்தடியில் குனிந்தவனுக்கு வேறென்ன வேலை இருக்கும்? நான் தாவரவியலை விளக்கினேன். புல்லிவட்டத்தில் ஐந்து மடல், இதழ் ஐந்து, நெட்டை மகரந்தத் தாள் ஐந்து, குட்டை மகரந்தத் தாள் ஐந்து. பையன் கைப்பேசியில் 5555 என்று குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த எண் விழவில்லை. அன்றோடு அவனிடம் தாவரவியலுக்கு இருந்த மரியாதை போய்விட்டது.

நெட்டை, குட்டை என்று இரண்டு வகைத் தாள் எதற்கு என்று அவன் கேட்டிருந்தால் எண்ணைவிட நல்ல விஷயம் கிடைத்திருக்கும். செண்டுடுக் பூவில் தேன் ஒரு சொட்டுக் கிடையாது. மகரந்தம்தான் கூலி. அதுவும் இலேசில் கிடைக்காது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து, பறக்கிற தசையை அதிரவிட்டு உலுக்கினால்தான் தாளின் நுனித் துளை வழியாக மகரந்தம் கொட்டும். குட்டைத் தாள்கள் மஞ்சளாக மினுக்கி வண்டைக் கூப்பிடும். வண்டு அதை உலுக்கித் தின்றுகொண்டிருக்கும்போது, ஊதா இதழோடு ஊதாவாக ஒளிந்திருக்கும் நெட்டைத் தாள்கள் சத்தமில்லாமல் அதன் உடம்பில் மகரந்தத்தைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்பிவிடும். முன்பணத்தைக் கண்ணில் காட்டி ஆளைக் கப்பல் ஏற்றிய பழைய கங்காணியின் தொழில் இதுதான். கங்காணி முறையைச் சட்டம் ஒழித்துவிட்டது. செண்டுடுக்குக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை.

காய் முற்றினால் தானே வெடித்து உள்ளே கருஊதா நிறத்தில் பிசுபிசுவென்று சதையைக் காட்டும். இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். அதை விழுங்கிவிட்டு இல்லை என்று சாதிக்க முடியாது. தோட்டப் பள்ளியில் தாமதமாக வந்தவனை வாத்தியார் கேள்வியெல்லாம் கேட்கமாட்டார். "நாக்க நீட்டு" என்பார். நாக்கு கறுத்திருந்தால் விசாரணை முடிந்தது, ரோத்தான் வெளியே வந்தது. சட்டையில் பட்டால் அம்மாவின் தனி நீதிமன்றம்.

புதர்களைக் கண்டுகொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. செண்டுடுக்கைப் போலவே நரம்போடிய இலை, ஆனால் உடம்பெல்லாம் முடி, சின்ன வெள்ளைப் பூ, கருநீலப் பழம் என்றால் அது செண்டுடுக் பூலு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளில் கேட்காமலே குடியேறியது. வலை போர்த்திய மஞ்சள் பழத்தை அமுக்கினால் "டப்" என்று வெடிக்குமே, அந்த லெத்துப் கொடியும் அந்தப் பக்கத்து ஆள்தான். அதன் வலைப்பின்னலில் பிசின் ஒட்டும், சின்னப் பூச்சிகள் சிக்கிச் சாகும். உண்ணிச்செடி, செரி மரம் எல்லாமே கப்பலேறி வந்தவை. இவற்றில் எதனிடமும் இதுவரை யாரும் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை கேட்டதாகத் தெரியவில்லை. சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய எங்கள் பாட்டிமாருக்கு இந்தச் செடிகளின் சாமர்த்தியம் இருந்திருக்கலாம்.

மண்ணின் மைந்தன் என்று மார்தட்டக்கூடியது கெமுந்திங். ரோஸ் நிறப் பூ, வயதானால் வெளுத்துவிடும். கிழக்குக் கரை மணலில் தாராளமாகக் கிடைக்கும். நீலகிரிக்காரர்கள் இதைத் தவிட்டுப்பழம் என்று சொல்லி ஆசையோடு தின்பார்கள். இதே செடியை அமெரிக்காவின் புளோரிடாவில் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். ஊருக்கு ஊர் மரியாதை.

நெல்லியைச் சொல்லாமல் விட்டால் மலாக்காக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பரமேசுவரன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது சருகுமான் ஒன்று அவன் நாயை உதைத்துத் தள்ளியதாம். அந்த மரத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தான் என்கிறது மலாய் வரலாற்றுக் கதை. மரம் நம் நெல்லி. அதியமான் அதன் கனியை ஔவைக்குக் கொடுத்துப் புகழடைந்தான், பரமேசுவரன் அதன் நிழலில் ராஜ்யம் கண்டான், நாம் ஊறுகாய் போட்டோம். அது பூப்பதைப் பார்த்தவர்களைத்தான் காணோம். இலைக்காம்போடு ஒட்டிக்கொண்டு மஞ்சள்பச்சையில் பொட்டுப் பொட்டாக இருக்கும். கைப்பேசியில் எடுத்தால் அழுக்குப் போலத்தான் விழும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்தினார். அவர் இன்று புக்கிட் பெருவாங்கில் ஏறியிருந்தால் மூன்றாவது பூவிலேயே யாராவது "ஐயா, உச்சிக்கு வழி இது இல்ல" என்று கையைப் பிடித்துத் திருப்பிவிட்டிருப்பார்கள்.

சரி, நீங்களும் பார்க்கப் போவதாக இருந்தால் வெயில் ஏறும் முன் போங்கள். செண்டுடுக் பூவுக்கு ஒரே நாள் ஆயுள், மத்தியானத்தில் களைத்துவிடும். வெள்ளைச் சட்டை வேண்டாம். அடையாளம் தெரியாத பழத்தை வாயில் வைக்காதீர்கள், உண்ணிச்செடியின் பச்சைக்காய் விஷம். யாராவது என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், தயங்காமல் சாமிக்கு என்று சொல்லிவிடுங்கள். புதர் நன்றாகப் பூத்த வாரத்தில்தான் புல்வெட்டும் இயந்திரமும் வரும், அது எப்படியோ அமைந்துவிடுகிறது. அந்த ஆள் வந்தால் சண்டைக்குப் போகாமல் மாமாக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்கள். அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்தால் போதும், கருவண்டு தன் வேலையை முடித்துவிடும்.