கூடம் அளந்த சாயங்காலங்கள்

ரிச்சி தெருவில் வாங்கிய கம்பியைச் சுவரோரமாக இழுத்துவிட்டு, அம்மாவின் தையல் டேப்பால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் சோபாவரை அளந்து, அந்தத் தூரங்களை ரிசீவரின் மெனுவில் ஒவ்வொன்றாக ஏற்றிய காலம் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். ஒலி ஓர் அடி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகும். கிட்டே இருக்கும் ஸ்பீக்கரைக் கொஞ்சம் காத்திருக்க வைத்தால்தான் ஐந்து ஸ்பீக்கர்களின் ஒலியும் சேர்ந்து காதுக்கு வரும். அந்தக் கணக்கு பிடிபட்ட நாளின் பூரிப்பு இப்போதும் மனதில் இருக்கிறது.

சப்வூஃபருக்கு டேப் போதாது. அதைச் சோபாவின்மேல் ஏற்றி, பழகிய பாட்டொன்றை ஓடவிட்டு, நானும் தம்பியும் சுவரோரமாகத் தவழ்வோம். பேஸ் கும்மென்று அடைக்காமல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, சப்வூஃபருக்கு அதுதான் இடம். "இங்க நின்னா இடி இடிக்குது, அங்க நின்னா ஒண்ணுமே கேக்கலியேடா" என்பாள் அம்மா. அவள் சொன்னதுதான் இயற்பியல். 14 அடி நீளக் கூடத்தில் 40 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே நிலையலையாக நின்று, சுவரோரம் பெருத்து, நடுவில் வற்றிவிடும்.

பிறகு, 2000களின் தொடக்கத்தில், பயனியரும் யமஹாவும் ரிசீவரோடு கூடத்தை அளக்க ஒரு மைக்கையும் கொடுக்கத் தொடங்கின. டிஹெச்எக்ஸ் என்ற திரையரங்க ஒலித் தரத்தை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தொடங்கிய ஆடிஸி நிறுவனத்தின் அளவு முறையும் வந்தது. இன்று ஃபேனை நிறுத்தி, குக்கர் விசில் அடங்கியதும் மைக்கைக் காது உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு சீழ்க்கை அடிக்க, தூரம், ஒலியளவு, சுவர் செய்யும் குளறுபடி எல்லாம் சில நிமிடங்களில் பதிவாகிவிடுகின்றன. பல இருக்கைகளில் அளப்பதால், ஓரத்தில் உட்காரும் அம்மாவுக்கும் வசனம் புரிகிறது. எங்கள் டேப்பால் முடியாத காரியம் அது. ஆனால் கூடத்தின் எந்த மூலை முழங்கும், எது ஊமை என்று உடம்பாலேயே அறிந்திருந்த அந்தச் சாயங்காலங்களை என் மகன் அறியமாட்டான்.

பெருத்த பேஸை, மைக் அளந்ததைக் கொண்டு ரிசீவர் அழகாகக் குறைத்துவிடும். வற்றிய இடத்தை நிரப்ப அதனால் ஆகாது, ஏற்ற ஏற்ற ஆம்ப்தான் திணறும். ஆகவே அளப்பதற்கு முன் சோபாவை ஓரடி ஈரடி நகர்த்திப் பாருங்கள். வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் தவழவும் விடுங்கள்.