பட்டன் போடும் மனு

கேள்வி: நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் பட்டனை அழுத்தினால் மூச்சே விடவில்லை. பத்துத் தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன். போனது பட்டனா, போர்டா? (வாசகர், தென்காசி)

பதில்: நூறு தடவை அழுத்தினாலும் அந்தப் பட்டன் வழியாக வீட்டு மின்சாரம் துளிகூடப் போகாது. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அமைப்பைக் கொண்டுவருவதற்கு முன்பு, கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்தது நிஜமான ஸ்விட்ச். ‘டக்’ என்று தட்டினால் 230 வோல்ட் உள்ளே போகும், மறுபடி தட்டினால் அறுந்துபோகும். விண்டோஸ் 95 வேலையை முடித்ததும் ‘இனி அணைக்கலாம்’ என்று ஆரஞ்சு எழுத்தில் அறிவித்துவிட்டு நம் கையை எதிர்பார்த்து நின்றது இதனால்தான். தன்னைத் தானே அணைத்துக்கொள்ள அந்தப் பெட்டிக்கு வழியில்லை. இப்போதுள்ள பட்டன் வெறும் மனு. மதர்போர்டில் உள்ள இரண்டு சின்னஞ்சிறு முனைகளை ஒரு கணம் இணைத்துவிட்டு விலகிவிடுகிறது. மனுவைப் படித்த போர்டு, எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளையிலிருந்து வரும் பச்சை வயரைத் தரையோடு, அதாவது கறுப்பு வயரின் மட்டத்துக்கு, இறக்குகிறது. அது கண்டு எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டுகளை அனுப்புகிறது. அரை விநாடிக்குள் ‘எல்லாம் சரி’ என்று சாம்பல் நிற வயரில் சேதி சொல்கிறது. அந்தச் சேதி வந்த பிறகே பிராசஸர் கண் திறக்கும்.

சரி, அணைந்து கிடக்கும் பெட்டியில் மனுவை வாங்கிக்கொள்ள விழித்திருப்பது யார்? ஊதா நிற வயரில் ஓடும் 5 வோல்ட். பிளக் செருகியிருக்கும் வரை இந்தச் சிறு காவல் மின்சாரம் தூங்குவதில்லை. ஆகவே ‘ஆன் ஆகவில்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு சம்பவங்கள் இருக்கின்றன. மனுவை வாங்க ஆளே இல்லாமல் இருக்கலாம். பட்டன் பழுதாகி, மனு போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்த மனுவை எஸ்.எம்.பி.எஸ். தற்காப்புக்காக மறுத்திருக்கலாம். அல்லது மனு நிறைவேறி, பெட்டி ஓடிக்கொண்டே இருந்தும் திரை மட்டும் இருண்டிருக்கலாம். நான்குக்கும் நான்கு வைத்தியம், நான்கு விதச் செலவு. இதில் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் புதுப் பாகம் வாங்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பட்டன்தான் குற்றவாளியா என்று அறியக் காசு செலவில்லாத சோதனை உண்டு. கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்தால், பட்டனிலிருந்து வரும் ஒல்லியான இரட்டை வயர் போர்டின் ஓரத்தில் செருகியிருப்பது தெரியும். அதை உருவிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ரீசெட் பட்டனின் வயரை அந்த இரண்டு முனைகளில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் சரி. இப்போது ரீசெட்டை அழுத்தியதும் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டால், பட்டன் மட்டுமே பழுது. அப்படியே விட்டுவிட்டு ரீசெட் பட்டனையே வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம்.

கேள்வி: பிளக் பாயின்ட்டில் டெஸ்டர் எரிகிறது. அதே இடத்தில் செல்போன் சார்ஜ் ஆகிறது. கரண்ட் வருகிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நீங்கள் கொண்டுவந்த இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறார்கள். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு ஃபேஸ் இருந்தாலே ஒளிரும். நியூட்ரல் அறுந்திருந்தால் அதற்குத் தெரியாது. செல்போன் சார்ஜரோ 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் சமர்த்து. மின்னழுத்தம் விழுந்து கிடந்தாலும் அது முணுமுணுக்காது. பழைய எஸ்.எம்.பி.எஸ். பலவும் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடம்பிடிக்கும். அதனால் ஸ்பைக் பஸ்டர், யு.பி.எஸ். இரண்டையும் ஒதுக்கிவிட்டுச் சுவரிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ்.ஸில் உள்ள ஈய அமில பேட்டரி சில வருஷங்களில் ஓய்ந்துபோகும். ஓய்ந்த பேட்டரியோடு எழவே மறுக்கும் யு.பி.எஸ்.கள் உண்டு. அடுத்து பவர் கார்டு. பல மானிட்டர்களுக்கும் அதே கார்டுதான், மாற்றிச் செருகிப் பார்க்க அரை நிமிஷம் போதும். பெட்டியின் முதுகில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கென்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். வட்டம் அமுங்கியிருந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள். பெருக்கித் துடைக்கும்போது பெட்டியைச் சுவரோடு தள்ளியதில் அது அமுங்கியிருக்கலாம்.

இவ்வளவும் சரி என்றால், காவல் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு அணைந்த நிலையிலும் எரியும். சிலவற்றில் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் மினுக்கும். வழக்கமாக எரியும் விளக்கு இன்று எரியவில்லை என்றால், மனுவை வாங்க ஆளில்லை. சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல் விழ வேண்டும், பட்டன் மேலும் ராம் மேலும் அல்ல.

கேள்வி: கடையில் போர்டு டெட் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அனுபவசாலிகள் சொல்வதை நம்பாமல் நாமே நோண்டுவது சரியா? (வாசகர், மதுரை)

பதில்: அனுபவத்தை மதிக்க வேண்டும். ஆனால் தீர்ப்புக்கு முன் விசாரணை நடந்ததா என்று கேட்பது அவமரியாதை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்த்தீர்களா, அண்ணே?” பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றியதும் ‘எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருக்கு, போர்டுதான் போச்சு’ என்று முடிவுகட்டும் வழக்கம் இருக்கிறது. இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் செல்லும். ஃபேன் சுற்றவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் காலி. சுற்றினால் அது நலம் என்று ஆகிவிடாது. வெறும் கையோடு எழுந்து நிற்பவன் நெல் மூட்டையைத் தூக்குவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? போர்டும் பிராசஸரும் சேர்ந்து இழுக்கும்போது 12 வோல்ட் 11.4-க்குக் கீழே விழுந்தால், அது ஏ.டி.எக்ஸ். வகுத்த ஐந்து சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது. மல்டிமீட்டர் வைத்தால்தான் இது தெரியும். இன்னொரு விஷயம், சில பிராண்டட் பெட்டிகளில் வயர் நிறங்களும் அமைப்பும் வேறு. அங்கே கிளிப் வித்தை கூடாது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். ‘விசாரணைக்கெல்லாம் நேரமில்லை, சந்தேகப்பட்டதை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது’ என்பார்கள். மாற்றிப் பார்ப்பதே நல்ல சோதனைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவல் பாகத்தை மாற்றிப் பார்ப்பதும், விலை கொடுத்து வாங்கி மாற்றுவதும் ஒன்றல்ல. மறுக்கப்பட்ட மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றால், எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ். தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். அது பழுது அல்ல, கடமை. முகப்பு யு.எஸ்.பி. துளையில் வளைந்து தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு தகடு, போர்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் ஒரு ஸ்குரூ, உயிரிழந்த ஒரு ஹார்ட் டிஸ்க், இவற்றில் எதுவும் காரணமாகலாம். அப்படி இருக்கும்போது புது எஸ்.எம்.பி.எஸ். போட்டாலும் அதுவும் அதே போலத் துடித்து நிற்கும். அடுத்து போர்டை மாற்றச் சொல்வார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பூட்டு விடுபட இதுவே சில சமயம் போதும். போதவில்லை என்றால் டிஸ்க், டிவிடி, கிராஃபிக்ஸ் கார்டு, முகப்பு யு.எஸ்.பி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள். எழுந்துகொண்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு. எதை மாட்டியதும் படுத்துக்கொள்கிறதோ அதுதான் ஆள்.

‘ஷாக் அடிக்குமே’ என்ற பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேபினட்டுக்குள், எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டிக்கு வெளியே, 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் கிடையாது. அந்தத் தகரப் பெட்டிக்கு உள்ளே கதை வேறு. 230 வோல்ட் அங்கே நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் ஆகி கெப்பாசிட்டரில் தங்குகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கும் ஸ்குரூவை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ராமை ரப்பரால் தேய்க்கச் சொல்கிறார் நண்பர். (வாசகர், சேலம்)

பதில்: உங்கள் மனு நிறைவேறிவிட்டது, மின்சாரத்தை விட்டுவிடுங்கள். முதலில் மானிட்டர் கேபிள். பிறகு பிராசஸர் பக்கத்தில் செருகும் 4 அல்லது 8 முனை கனெக்டர். அது நழுவியிருந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. அடுத்து ராமைக் கழற்றி, ‘க்ளிக்’ என்று இரு முனையும் பூட்டிக்கொள்ளும்படி மறுபடி செருகுங்கள். பெரும்பாலும் குணப்படுத்துவது இந்தச் செருகல்தான், பெயர் தட்டிக்கொண்டு போவது ரப்பர். தங்க முலாம் மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

கேள்வி: எட்டு வருஷத்துக் குடும்பப் படங்கள் அதில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் எல்லாம் போச்சா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பெட்டி எழாததற்கும் படங்கள் அழிவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிஸ்க் தனி, அதில் எழுதியது மின்சாரம் இல்லாமலும் இருக்கும். கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டி வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். விண்டோஸ் பூட்டிய டிஸ்க்காக இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், அதை இப்போதே தேடி எழுதி வையுங்கள். பெட்டியைக் கடையில் கொடுப்பதற்கு முன் டிஸ்கைக் கழற்றி வீட்டு பீரோவில் பத்திரப்படுத்துங்கள், அம்மா. எழாத பெட்டியை எழுப்பிப் பார்க்க அவர்களுக்கு அது தேவையே இல்லை.