அடுத்தது வருது மாப்ள

“இப்ப வாங்காத மாப்ள, அடுத்தது வருது.”

கம்ப்யூட்டர் வாங்க யோசனை சொல்லும் மாமாக்களின் மூல மந்திரம் இதுதான். பொதுவாகத்தான் சொல்கிறேன், பழனி அடிவாரத்தில் டீ குடிக்கும் எவரையும் குறிப்பிடவில்லை.

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். பகலில் கல்யாண வீடியோ எடிட் பண்ணணும், ராத்திரி பையன் கேம் ஆடணும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிராசஸர். 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வந்ததும் பணத்தோடு நின்றேன். “அடுத்த மாசம் இன்டெல் 13 வருது, பொறு.” வந்தது. “கேமுக்குன்னே ரைசன்ல எக்ஸ்3டி வருதாம், பொறு.” 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி வந்தது. “எட்டு கோர்தானே? எடிட்டிங்குக்குப் பத்தாது. இன்டெல் 14 வரட்டும்.” அக்டோபரில் 14700கே இருபது கோரோடு வந்தது. “அவசரப்படாத.” 2024-இல் இன்டெல் 13, 14 சில்லுகள் வோல்டேஜ் கோளாறில் கிராஷ் ஆகின்றன என்று செய்தி வந்தபோது, மாமா டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். “நான் அன்னிக்கே சொன்னேன்ல?” அன்றைக்கு அவர் சொன்னது ‘பொறு’ மட்டும்தான்.

விஷயம் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. கேஷ் என்றால் என்ன மாமா என்று ஒருநாள் கேட்டேன். “அஞ்சறைப்பெட்டி மாப்ள. கடுகு கைக்கெட்டுற தூரத்துல இருந்தா எண்ணெய் கருகாது. ரேம்ங்கிறது தெருமுனை மளிகைக் கடை. கேமுக்கு அஞ்சறைப்பெட்டி பெருசா இருக்கணும். எடிட்டிங் பஞ்சாமிர்தம் பிசையிற வேலை, கை நிறைய வேணும். அந்தக் கைதான் கோர்.” எந்த இன்ஜினியரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அன்றைக்கு டீக்காசு நான் கொடுத்தேன்.

2025 மார்ச்சில் 9950எக்ஸ்3டி வந்தது. பதினாறு கோர், 128 எம்பி எல்3 கேஷ். கையும் உண்டு, பெட்டியும் உண்டு. இனி என்ன சொல்வார் என்று ஆவலோடு போனேன்.

“விலை இறங்கட்டும்.”

வருஷக் கடைசியில் ரேம் விலை ரோப் காரில் ஏறிப் போனது.

மாமாவுக்கென்ன? அவர் எதையும் வாங்கப் போவதில்லை. காத்திருந்த செலவெல்லாம் என் தலையில். என் பழைய கம்ப்யூட்டரில் 4கே வீடியோ, காவடி தூக்கிப் படியேறுகிற மாதிரி நின்று நின்று நகரும். 2022-இல் எடுத்த ஒரு கல்யாணத்தை இன்னும் முடித்துக் கொடுக்கவில்லை. அந்த ஜோடி போன மாதம் பழனிக்கு வந்தது, குழந்தைக்கு மொட்டை போட. அதையும் நான்தான் எடுத்தேன். “ரெண்டையும் சேர்த்தே குடுத்துருங்கண்ணே” என்றது அந்தப் பெண். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே சொன்னது.

மறுநாள் மாமாவிடம் சொல்லாமல் கோயம்புத்தூர் போய் கோர் அல்ட்ரா 7 265கே வாங்கிவந்தேன். என் கேமராவின் 10-பிட் எச்.265 வீடியோவை அதிலுள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி திக்காமல் ஓட்டுகிறது. எக்ஸ்3டியைவிடக் கேமில் ஃபிரேம் குறையுமாம். பையன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாண வீடியோவைப் புதன்கிழமை கொடுத்தாச்சு.